பொலி சொல்லாதவள்

கீழ்ப்படியாமை என்ற சொல்லை என் பதினொரு வருட உத்தியோகத்தில் நாற்பது கடிதத்திலாவது டைப் அடித்திருப்பேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு ஆங்கிலத்தில் தயாராகும் குற்றப்பத்திரத்தைத் தமிழில் போட்டுக் கொடுப்பது காரியாலயத்தில் என் வேலைகளில் ஒன்று. எனக்கு முன்னால் இருந்த கிளாக்கர் விட்டுப்போன மாதிரிக் கடிதம் ஒன்று இருக்கிறது. 'மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமை' என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கும். பெயரையும் திகதியையும் மாற்றினால் கடிதம் தயார். ஒரு ஆளின் பிழைப்பைக் கெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சொல்லின் அர்த்தத்தை அகராதியில் பார்க்கலாம். ஆனால் அதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று அகராதியில் இருக்காது. இந்தச் சொல் மேலேயிருந்து கீழே மட்டும்தான் போகும். துரை தொழிலாளிக்கு எழுதலாம். தொழிலாளி துரைக்கு எழுத முடியாது. கம்பனி, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி ஆறு வருடம் இழுத்தடித்தால் அதற்குப் பெயர் கீழ்ப்படியாமை இல்லை, தாமதம். அந்தச் சொல்லையும் நான் நிறைய டைப் அடித்திருக்கிறேன்.

லயத்தில் யாரும் கீழ்ப்படியாமை என்று பேசுவதில்லை. அங்கே வாய்க்காரி, அடங்காதது, சொல்பேச்சு கேக்காதது என்றுதான் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் மருமகள்களையும் ஆடுகளையும் பார்த்து. எனக்கு இது தெரியும், ஏனென்றால் நான் பிறந்தது மேல் டிவிஷன் லயத்தில். பெயர் கோசலா. உயர்தரம் பாஸ் பண்ணி, லிந்துலை டவுனில் டைப்பிங் படித்து, இதே தோட்டத்துக் காரியாலயத்தில் ஏறி உட்கார்ந்தவள்.

ஏறி உட்கார்ந்தவள் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. காரியாலயத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு குவார்ட்டர்ஸ் இருக்கிறது. இரண்டு அறை, ஈரச் சுவர், மழை நாளில் காயாத துணி. அம்மா தம்பியோடு கொழும்புப் பக்கம் வத்தளைக்குப் போய்விட்டாள். குளிருக்கு அவளுக்கு மூட்டு வலி. மற்ற குவார்ட்டர்ஸ்காரர்கள் பிறந்தநாள் வைத்தால் எனக்குக் கேக் வரும், அழைப்பு வராது. லயத்துக்குப் போனாலோ அவர்கள் ஒரு நாற்காலியைத் தேடி எடுத்து, துணியால் துடைத்து, என்னை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் நிற்பார்கள். 'மிஸ்' என்பார்கள். என்னோடு ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை உடைத்தவளும் மிஸ் என்கிறாள். நாலு மணிக்குக் காரியாலயம் பூட்டினால் அடுத்த நாள் காலை வரை நான் வாயைத் திறக்க ஒரு அவசியமும் இருக்காது. சில நாள் டீவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம், தனியாக இருந்து பாருங்கள்.

நாற்காலி துடைக்காத ஆள் ஒருத்திதான். ராக்காயி. எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த காம்பரா. ஐம்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, ஒரே மகள் குவைத்தில் வேலை. ராக்காயிக்கு நான் மிஸ் இல்லை, புள்ள. அவள் வீட்டில் நான் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில்தான் உட்காருவேன். மாதம் ஒரு தடவையாவது போவேன். இந்த உறவுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல் டிவிஷன் பெண்கள் கொழுந்து எடுக்க மலையில் இறங்கும்போது ஆளுக்கொரு நிரை பிடிப்பார்கள். முதல் நிரை ராக்காயியுடையது. முதல் நிரைக்காரி முதல் கொழுந்தைக் கிள்ளி, மலையைக் கும்பிட்டு, "பொலி, பொலி" என்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கொழுந்து பெருகட்டும், போன ஆள் அத்தனையும் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று அதற்கு அர்த்தம். அவள் சொல்லாமல் வேறு யாரும் செடியில் கை வைக்க மாட்டார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. எங்கள் டிவிஷனில் இதற்குப் பெரிய துரைகூட இதுவரை குறுக்கே நின்றதில்லை.

மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை. அன்றைக்குக் காரியாலயத்துக்குப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்திருந்தார். கொழும்புப் பிள்ளை, நல்ல ஆங்கிலம், தமிழ் தெரியாது. நானும் என் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, என் நல்ல ஆங்கிலத்தில், பதிவேடுகளை ஒவ்வொன்றாக அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மலைகளில் ஆபத்தான இடம் எதுவென்று தொழிலாளிகள் வந்து சொன்னால் எழுதிவைக்கும் பதிவேடு இது, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு தினமும் காலையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை மலைக்கு அனுப்புவார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சன்னலில் ராக்காயி.

"ஏ கோசலப் புள்ள, இங்க கொஞ்சம் வா."

சின்னத்துரை என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் எனக்குக் காதுவரை சுட்டது. பதினொரு வருடமாக நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஏதோ ஒன்றில் அவள் மண் கையை வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இப்ப வேலயா இருக்கேன். பொறகு வாங்க."

"பொறகு எங்க வர்றது? பெரட்டுக்குப் போவணும். ஒம்பதாம் நம்பர் மலையில, அந்தப் பெரிய பாறை இருக்குல்ல, அதுக்குக் கீழ குளவி கட்டியிருக்கு. பெரிய கூடு. புதன்கெழம அங்கதான் எங்களுக்குக் கொழுந்து. எழுதி வை, என்னா?"

"சரி, சரி. போங்க."

அவள் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து மலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போனாள். பதிவேடு என் கைக்குக் கீழேதான் திறந்து கிடந்தது. பேனாவும் கையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். மறக்கவில்லை. ஒரு சொல் எழுத வேண்டுமென்றால் ஆள் எப்படி வர வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும், மறுபடி வந்து ஒழுங்காகக் கேட்டால் எழுதுவோம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. ஏன் வரப்போகிறாள்? புள்ள எழுதியிருப்பாள் என்று நம்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பதாம் நம்பர் மலை ஓரத்தில் பன்னிரண்டு பெண்கள். கண்டாக்கு கஜேந்திரன், டிவிஷனுக்கு வந்து மூன்று மாதம்தான். இறங்கச் சொன்னார். ராக்காயி கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"பொலி சொல்லுங்கம்மா, நேரமாவுது."

அவள் பாறையைக் காட்டினாள். "அங்க குளவி இருக்குங்கய்யா. ஆபிஸ்ல சொல்லியாச்சு."

"நான் காலையில புஸ்தகத்தப் பாத்துட்டுத்தான் வாறேன். ஒன்னும் எழுதல."

ராக்காயி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும், புள்ள எழுதவில்லை என்று. கஜேந்திரன் இரண்டாம் நிரைக்காரியைப் பொலி சொல்லச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் நிரைக்காரி பக்கத்தில் நிற்கும்போது இன்னொருத்தி எப்படிச் சொல்வாள்? மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மலையில் ராக்காயிக்குப் பக்கத்து நிரையில் நின்ற அழகம்மையைக் குளவி கொட்டியது. லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவள் போய்விட்டாள். கஜேந்திரனுக்கு அந்தக் கதை தெரியாது. பத்து மணிவரை பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பிறகு அவர் யாருக்கும் பேர் இல்லை, அதாவது அன்றைய நாள் கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப்போய்விட்டார்.

பெரிய துரை கொதித்துப் போனார். ஒரு மலை முழுக்கக் கொழுந்து முற்றிப்போனது. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுகிறேன் என்றார். பதினொரு பேர் போட்டார்கள். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். ராக்காயி போடவில்லை. தோட்டத் தலைவர் சின்னராசா, சங்கத்து ஆள், இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். "தப்பு பண்ணாம எப்புடிங்க தலைவரே மன்னிப்பு கேக்குறது? அப்பறம் தப்பு பண்ணுனா என்னத்தக் கேக்குறது?" என்றாளாம்.

ஆகவே மாதிரிக் கடிதத்தை எடுத்தேன். பெயரை மாற்றினேன். திகதியை மாற்றினேன். ஓரிடத்தில் மட்டும் கை நின்றது. கட்டளையை மறுத்து அவர் கூறியது என்ன என்று ஒரு இடம் இருக்கிறது. அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் நின்றாள், அவ்வளவுதான். பொலி சொல்லவில்லை என்று எழுதினால் கம்பனியில் யாருக்கு விளங்கும்? 'காரணம் எதுவும் கூறாமல் மறுத்தார்' என்று எழுதச் சொன்னார் துரை. அவள் குளவியைக் காட்டினாள் என்று எனக்குத் தெரியும். எழுதினேன்.

குற்றப்பத்திரத்தைக் கொடுக்கும்போது ஆளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. ராக்காயி சன்னலுக்கு வந்தாள். நான் தலையை நிமிர்த்தாமல் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் தேவாரம் வாசிக்கிற மாதிரி வேகமாக.

"அந்தச் சொல்லுக்கு என்னா புள்ள அர்த்தம்? கீழ்ப்… என்னாமோ சொன்னியே."

"கீழ்ப்படியாமை. பெரியவங்க சொன்னதக் கேக்காம விட்டதுன்னு அர்த்தம்."

"நாங்க சொன்னத அவங்க கேக்காம விட்டா? அதுக்கு என்னா சொல்லு?"

"அதுக்குத் தனியா ஒரு சொல்லு இல்ல."

"ம்" என்றாள். பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். அவள் இப்போது சொல்வாள், 'நான் ஒங்கிட்டதானே சொன்னேன்' என்று இப்போது கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். கேட்டால் என்ன பொய் சொல்லலாம் என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. கிழவிக்கு ஞாபகம் இல்லை, தப்பினோம் என்று நினைத்தேன். அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு ஞாயிறும் நான் லயத்துக்குப் போகவில்லை. மூடுபனி மூன்று மணிக்கே இறங்கி, சன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். உள்ளே நானும் தேத்தண்ணிக் கேத்தலும். வேலை போனால் ராக்காயியின் காம்பராவும் போகும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் பேர் உள்ள ஆளுக்குத்தான் காம்பரா. அவள் வீட்டில் பேர் உள்ள இன்னொரு ஆள் இல்லை. அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்ற பட்டியல் என் மேசையில்தான் இருந்தது, ஏழு குடும்பம் காத்திருந்தது. பதிவேட்டில் எழுதாமல் விட்டது நான்தான் என்று துரையிடம் ஒரு நடை போய்ச் சொல்லியிருக்கலாம். என் குவார்ட்டர்ஸ் படியிலிருந்து அவர் கதவுக்கு நூறு அடி. நூறு அடி நடக்க எனக்குக் கால் வரவில்லை.

விசாரணை பழைய கிளப் மண்டபத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி கம்பனி கூட்டிவந்த ஒரு ஓய்வுபெற்ற சட்டத்தரணி. வயதானவர், பொறுமையானவர், தமிழ் தெரியாது. அவருக்குச் சிங்களத்தில் சொல்ல, ராக்காயிக்குத் தமிழில் சொல்ல, நடுவில் ஒரு நாற்காலியில் நான். ராக்காயிக்குப் பக்கத்தில் தலைவர் சின்னராசா. அவள் திருவிழாவுக்குக் கட்டுகிற மஞ்சள் சேலையில் வந்திருந்தாள்.

கஜேந்திரன் நடந்ததை நடந்தபடி சொன்னார். பொய் சொல்லவில்லை. குளவிக் கூடு இருந்தது உண்மைதான், பிறகு ஆள் வைத்து எடுத்தோம் என்றும் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். விஷயம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது என்றார். இந்த அம்மா முன்கூட்டியே காரியாலயத்தில் சொல்லியிருந்தால் பிழை காரியாலயத்துடையது, இவர் மறுத்தது நியாயம், வழக்கை இங்கேயே மூடிவிடலாம். சொல்லாமல் விட்டுவிட்டு மலை ஓரத்தில் வந்து நின்று அடம்பிடித்திருந்தால் அது கீழ்ப்படியாமை, வேலை போகும். நான் இதை வரி பிசகாமல் தமிழில் சொன்னேன்.

ராக்காயி எழுந்து நின்றாள். "சொன்னேங்க. திங்கக்கெழம காலையில ஆபிஸுக்குப் போயி சொன்னேன்."

சொன்னேன் என்கிறார், என்றேன்.

"யாரிடம் சொன்னார் என்று கேளுங்கள்."

அந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டும். என் வாயால், அவளைப் பார்த்து.

"யாருகிட்ட சொன்னீங்கன்னு கேக்குறாரு."

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக நானும் நேராக அவளைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. அவள் தலை லேசாக, மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்கு, இடமும் வலமுமாக அசைந்தது. வேண்டாம், பேசாதே என்று சின்ன வயதில் என் அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்ற அவள் செய்வாளே, அதே அசைவு.

"ஞாபகம் இல்லீங்க" என்றாள்.

சின்னராசா பதறினார். "நல்லா யோசிச்சு சொல்லு ராக்காயி. ஆபிஸ்ல இருக்கதே நாலு பேரு."

"இல்லீங்க தலைவரே. மறந்து போச்சு. வயசாச்சுல்ல."

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது 'ஞாபகம் இல்லை' என்று இரண்டே வார்த்தை. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நான் நாலு மணிக்கு என் குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கேத்தலை வைக்கலாம்.

"என்னிடம்தான் சொன்னார்" என்றேன் சிங்களத்தில்.

"அவர் அப்படியா சொன்னார்?"

"இல்லை. அவர் ஞாபகம் இல்லை என்றார். அது பொய். என்னிடம் சொன்னார். நான் எழுதவில்லை."

 அதிகாரி கோபப்படாமல் சொன்னார். நீங்கள் இங்கே சாட்சி இல்லை, மொழிபெயர்ப்பாளர். அவர் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். பெரிய துரையும் பின்வரிசையிலிருந்து, "கோசலா, சிட் டவுன்" என்றார். நான் உட்காரவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், திங்கட்கிழமைப் பக்கம் வெறுமையாக இருக்கும், சின்னத்துரையைக் கேளுங்கள், அவர் பக்கத்தில்தான் நின்றார், மொழி தெரியாவிட்டாலும் அந்த அம்மா சன்னலுக்கு வந்தது தெரியும் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன்.  பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெளியே வந்ததும் ராக்காயி என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பயந்துவிட்டாள், பாவம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. ராக்காயிக்கு வேலை உண்டு, காம்பரா உண்டு, குற்றச்சாட்டு தள்ளுபடி. அதே தபாலில் எனக்கும் ஒரு கடிதம். கடமையில் கவனக்குறைவு, விசாரணை அதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமை. முடிவு தெரியும்வரை வேலையிலிருந்து இடைநிறுத்தம், மாத முடிவில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழிலும் வேண்டுமா என்று துரை கேட்டார், பழக்கதோஷம். அதை அடிக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. வேண்டாம் சேர் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். பொய் சொல்லி என்ன? என் வேலையைக் கொடுத்து அவள் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நானும் அழலாம், யாரோடாவது சேர்ந்து அழுது ரொம்ப நாள் ஆகிறது என்றெல்லாம் ஏறி வருகிற வழியில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவள் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பலகையை எனக்குத் தள்ளிவிட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"நான் பேசாதன்னு தலைய ஆட்டுனேன். பாத்த தானே?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"எப்புடி பாத்துட்டு இருப்பேன்? ஒங்க வேல போயிருக்கும். இந்த வீடு போயிருக்கும்."

"போனா போவுது. நான் இன்னும் எத்தன நாளைக்கு மலை ஏறப் போறேன்? மக குவைத்துலேருந்து வந்தா ராகலைப் பக்கம் ஒரு மூலையில கெடந்துக்கிறோம். அதெல்லாம் யோசிச்சு வச்சிட்டுத்தான் அந்தச் சேலையக் கட்டிக்கிட்டு வந்தேன்." ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். "இந்த வயசுக்கு நான் ஆபிஸ்காரங்ககிட்ட சொன்ன ஒரே பொய்யி அது. அத நீ நிக்க விடல."

"நான் செஞ்ச தப்புக்கு நீங்க எதுக்கு…"

"ஒன் தப்புன்னு எனக்குத் தெரியாதா? கண்டாக்கையா புஸ்தகத்துல இல்லன்னு சொன்னப்பவே தெரியும். வயிறு எரிஞ்சிச்சு. ஒரு நாளு முழுக்க ஒன்னயத் திட்டுனேன். அப்பறம் யோசிச்சேன்." அவள் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சன்னலுக்கு உள்ளுக்க நம்ம பாஷ தெரிஞ்ச ஆளு, நம்ம மலை தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான். எத்தன வருசம் கழிச்சு ஒரு ஆளு போயி உக்காந்துச்சு? இப்ப கண்டியிலேருந்து ஒரு பையன் வாறானாம். தமிழ் தெரியாதாம். நாளைக்கு இன்னொரு மலையில குளவி கட்டுனா, நான் யாருகிட்ட போய்ச் சொல்லுறது?"

"என்கிட்ட சொன்னீங்க. நான் எழுதலையே."

"இந்தத் தடவ எழுதல" என்றாள் ராக்காயி. "அடுத்த தடவ எழுதியிருப்ப."

 எழுதியிருப்பேன். சத்தியமாக எழுதியிருப்பேன். எந்தச் சன்னலிலிருந்து யார் எப்படிக் கூப்பிட்டாலும், எந்தத் துரை பக்கத்தில் நின்றாலும், அந்தப் பக்கத்தை இனி நான் வெறுமையாக விட்டிருக்கவே மாட்டேன். அதை என்னைவிட அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. தன் காம்பராவைக் கொடுத்து அவள் வாங்கப் பார்த்தது அதைத்தான். நான் என் நெஞ்சை லேசாக்கிக்கொள்வதற்காக அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். துரை சொன்னதைக் கேட்கவில்லை என்றும் சட்டத்தரணி சொன்னதைக் கேட்கவில்லை என்றும் கடிதத்தில் இருக்கிறது. உண்மையில் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆளின் பேச்சைத்தான் கேட்கவில்லை. அதற்கு யாரும் குற்றப்பத்திரம் அடிக்க மாட்டார்கள்.

அவள் ரொட்டியைப் பிய்த்து, கட்டச் சம்பல் வைத்து என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன். வத்தளைக்கு எப்போது போகிறாய் என்று கேட்டாள், சனிக்கிழமை காலை பஸ்ஸில் என்றேன். அங்கே வெயில் கூட இருக்கும், குடை கொண்டுபோ என்றாள். பிறகு அடுத்த நாள் பெரட்டுக்கு நேரத்தோடு எழும்ப வேண்டும் என்று சொல்லி, கொடியிலிருந்து கொழுந்துச் சாக்கை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.